உலகம் தாமதம்

மார்ச் 4, செவ்வாய். இன்றைய தவறு: பதிவேட்டில் ஐந்து பத்திகள் போடச் சொன்னார்கள். ஆறாவதும் போட்டு, அதை இன்று நிரப்பியும் முடித்துவிட்டேன். நாளைய வேலை: நல்ல அழிரப்பர் ஒன்று வாங்க வேண்டும்.

மாலை வகுப்பில் ஆவணப் பராமரிப்பு படிக்கும் எல்லோரும் தினமும் இப்படி எழுதியாக வேண்டும். ஒரு தவறு, ஒரு வேலை. மற்றவர்கள் வாரக் கடைசியில் உட்கார்ந்து ஏழு நாள் தவறுகளையும் ஒரே மூச்சில் கற்பனை செய்து எழுதிவிடுவார்கள். அவள் மட்டும் அன்றன்றைக்கு எழுதினாள். தவறுக்குத் தன்னிடம் பஞ்சமில்லை என்பது அவள் எண்ணம்.

பகலில் அவளுக்குத் தொழில்நுட்ப எதிர்காலக் கணிப்பு மன்றத்தில் வேலை. பதிவு எழுத்தர். ஆறு மாத சோதனைக் காலத்தில் நான்கு மாதம் முடிந்திருந்தது. எதையும் முதலில் பென்சிலால் எழுதுவாள், மூன்று முறை சரிபார்ப்பாள், அதற்கப்புறமும் மையில் எழுதத் துணிய மாட்டாள். அதனால் அலுவலகத்தில் அவளுக்குப் பெயரே பென்சில்.

மன்றத்தின் வேலை எளிமையானது. அடுத்த ஆண்டு தொழில்நுட்ப உலகில் என்னென்ன நடக்கும் என்று நாற்பது கணிப்புகளை வருடத்துக்கு ஒரு முறை புத்தகமாகப் போடும். மற்ற பதினோரு மாதங்களும் அந்தப் புத்தகத்தின் அட்டை என்ன நிறத்தில் இருக்க வேண்டும் என்று கூடிப் பேசும். பெரிய பெரிய நிறுவனங்கள் அதை வாங்கி மேசையில் வைத்துக்கொண்டு, யாரை வேலைக்கு எடுப்பது, யாரை வீட்டுக்கு அனுப்புவது என்று முடிவு செய்யும்.

இது பத்தாவது ஆண்டு. விழா எடுக்க ஏற்பாடாகியிருந்தது. வந்து போன ஒன்பது புத்தகங்களின் முந்நூற்று அறுபது கணிப்புகளையும் ஒரே பதிவேட்டில் தொகுத்துக் கண்காட்சியில் வைக்க வேண்டும் என்று பென்சிலிடம் சொன்னார்கள். பத்திகள் ஐந்து: வரிசை எண், ஆண்டு, கணிப்பு, அறிவித்த தலைவர், அட்டையின் நிறம். அவள் ஸ்கேலை வைத்துக் கோடு போட்டுக்கொண்டே வந்தாள். ஐந்து முடிந்ததும் கை நிற்கவில்லை. எந்தப் பதிவேடானாலும் கடைசிப் பத்தியில் விளைவு இருக்க வேண்டும் என்று மாலை வகுப்பில் நான்கு மாதமாகப் பழக்கியிருந்தார்கள். ஆறாவது பத்தியைப் போட்டு, மேலே 'நடந்ததா?' என்று எழுதிவிட்டாள்.

போட்ட பத்தியைக் காலியாக விடவும் மனம் வரவில்லை. மூன்று வாரம் சாப்பாட்டு இடைவேளைகளில் பழைய செய்தித்தாள் அறையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தேடினாள். 'காகிதமே இல்லாத அலுவலகம் வரும்' என்ற கணிப்பு மூன்று தொகுதிகளாக அச்சாகியிருந்தது. 'சாவிகள் ஒழியும்' என்று அறிவித்த தலைவரின் நாற்காலிக்குப் பின்னால் இன்றும் நாற்பத்திரண்டு சாவிகள் தொங்கின. முந்நூற்று அறுபதில் நடந்தவை ஏழு. அவற்றில் ஆறு, 'பல மாற்றங்கள் நிகழும்', 'சிலர் வரவேற்பார்கள், சிலர் தயங்குவார்கள்' என்ற வகை. ஏழாவது, முதல் புத்தகத்தின் பதினைந்தாம் கணிப்பு: 'பால் கொள்முதல் தொடரும்.' தொழில்நுட்பத்துக்கும் பாலுக்கும் என்ன சம்பந்தம் என்று அவளுக்குப் புரியவில்லை. ஆனால் கொள்முதல் தொடர்ந்திருந்தது. நேர்மையாக ஒரு சரி போட்டாள்.

மீதி முந்நூற்று ஐம்பத்து மூன்றையும் அவள் இன்னொரு முறை சரிபார்த்தாள். இத்தனை தடவை தவறியிருந்தால் இந்தக் கட்டிடம் எப்படி நிற்கும்? பிசகு தன் பக்கம்தான் இருக்க வேண்டும். எனவே ஒவ்வொன்றுக்கும் எதிரே பென்சிலால், 'நடக்கவில்லை, எனக்குத் தெரிந்த வரை' என்று எழுதினாள்.

ஒன்று மட்டும் உறுத்தியது. ஒன்பது புத்தகங்களிலும் பதினான்காம் கணிப்பு ஒரே வாக்கியம். 'அடுத்த ஆண்டு இறுதிக்குள் எந்த நிறுவனத்தின் தொலைபேசியிலும் மனிதக் குரல் பேசாது.' ஒன்பது தடவையும் அடுத்த ஆண்டு.

புதன்கிழமை, அழிரப்பரோடு அவள் வந்து சேர்வதற்குள் பதிவேடு துணை இயக்குநரின் மேசைக்குப் போயிருந்தது. அவர் ஆறாவது பத்தியின் மேல் ஒரு விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், விரலை எடுத்தால் அது ஓடிவிடும் என்பதுபோல.

"என்னம்மா இது?"

"நடந்ததான்னு பாத்து எழுதினேன் சார்."

"யாரு கேட்டா?"

"யாரும் கேக்கல சார்."

"பத்து வருஷமா யாரும் கேக்கல. காரணம் இல்லாமலா கேக்கல? நாம எதிர்காலத்தைப் பாக்குற ஆபீஸ். நடந்தது, நடக்காதது எல்லாம் நமக்குப் பின்னாடி கிடக்குற சமாச்சாரம். முன்னாடி பாத்து வண்டி ஓட்டுறவன் கழுத்தைத் திருப்பலாமா?"

"அழிச்சிடட்டுமா சார்?"

"தொடாத!" அவர் பதறிப்போனார். "அழிச்சா ஏன் அழிச்சோம்னு நாளைக்கு ஒரு கேள்வி வரும். குழு போடணும்."

அன்று மதியமே பத்தி ஆய்வுக் குழு கூடியது. ஒன்பது பேர். மூன்று மணி நேரம் பேசினார்கள். கணிப்புகள் தவறியதாக அதில் ஒருவர்கூடச் சொல்லவில்லை. 'நடக்கவில்லை' என்ற சொல் கடுமையாக இருக்கிறது என்பதில் எல்லோருக்கும் ஒரே கருத்து. 'நடக்க இருக்கிறது' என்று போடலாம் என்றார் ஒருவர். 'நடந்திருக்கலாம்' என்றார் இன்னொருவர். கடைசியில் தலைவர் எழுந்தார். தலைவர் மெல்லிய உடல்வாகு, கனத்த குரல்.

"ஒன்பது வருஷமா நாம சொன்ன தேதியில சொல்லிட்டோம். ஒரு நாள்கூடத் தவறினதில்ல. புத்தகம் சரியான நேரத்துக்கு வந்துச்சு. வராதது யாரு? உலகம். லேட்டா வந்தவனை விட்டுட்டு, நேரத்துக்கு வந்து காத்துக்கிட்டு நிக்கிறவனைத் திட்டுவீங்களா?"

கைதட்டல் எழுந்தது. வெள்ளிக்கிழமைக்குள் ஒரு ரப்பர் முத்திரை தயாராகி வந்தது. நீல மையில் இரண்டே சொல்: உலகம் தாமதம். பென்சில் முந்நூற்று ஐம்பத்து மூன்று இடங்களில் அதைக் குத்தினாள். குத்தக் குத்தத் தனக்கும் அது கொஞ்சம் சரியென்று படுவதைக் கண்டு பயந்துபோய், எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

வீட்டில் அவளும் அக்காவும் மட்டும். இரண்டே அறை. சோதனைக் காலத்தில் அரைச் சம்பளம்தான் என்பதால் வீடு அக்காவின் வேலையில் ஓடியது. வாஷிங் மெஷின் செய்யும் ஒரு நிறுவனத்தில் புகார்ப் பிரிவில் எட்டு பேர் போன் எடுப்பார்கள். அவர்களில் அக்கா மூத்தவள். வாடிக்கையாளர் நீட்டி முழக்கிப் புலம்ப ஆரம்பித்தால், "சரிங்க, போனை மெஷின் மேல வைங்க" என்பாள். ஒரு நிமிடம் கேட்பாள். "பாக்கெட்டைப் பாக்காம போட்டிருக்கீங்க. உள்ள ஒரு ஹேர்பின் சுத்துது" என்பாள். போய்ப் பார்த்தால் ஹேர்பின் இருக்கும்.

அந்த வெள்ளிக்கிழமை மாலை அக்கா ஒரு கடிதத்தை அவள் மடியில் போட்டாள்.

"உங்க ஆபீஸ் பேரு போட்டிருக்கு. படி."

மன்றத்தின் பத்தாவது அறிக்கையில் பதினான்காம் கணிப்பு உறுதியானால், புகார்ப் பிரிவின் எட்டு பேரும் அன்று மாலையே விடுவிக்கப்படுவார்கள் என்று கடிதம் சொன்னது. விழா அடுத்த வியாழன்.

"ஆறு வாரமா என் லைன்ல ஒண்ணு உக்காந்து ஒட்டுக் கேக்குது" என்றாள் அக்கா. "நான் பேசுறதைக் கேட்டுக் கத்துக்குதாம். நேத்து சோதனைக்கு விட்டாங்க. வீடெல்லாம் தண்ணின்னு ஒரு ஆளு அலறுறாரு, அது 'மிகச் சிறந்த கேள்வி'ங்குது. அந்த ஆளுக்கு அழுகையே வந்துடுச்சு."

"அப்ப உங்க முதலாளிக்குத் தெரியுமில்ல, அது சரிப்பட்டு வராதுன்னு?"

"தெரியும்டி. ஆனா மன்றமே சொல்லும்போது நான் எப்படி எதிர்த்து நிக்கிறதுங்குறாரு. நீங்க அங்க என்னதான் பண்றீங்க? ஜோசியமா?"

"நான் கோடுதான் போடுறேன்க்கா."

"கோடு போடுறாளாம். அந்தப் பதினாலு எங்கேருந்து வந்துச்சுன்னாவது பாரு. என் வேலை போறதுக்குக் காரணம் யாருன்னு தெரிஞ்சா திட்டுறதுக்காவது வசதியா இருக்கும்."

மார்ச் 7, வெள்ளி. இன்றைய தவறு: முத்திரை குத்தும்போது யோசிக்கவில்லை. நாளைய வேலை: அலுவலகம் விடுமுறை. திங்களன்று மாப்பிள்ளையிடம் கேட்பது எப்படி என்று எழுதிப் பார்க்க வேண்டும்.

மாப்பிள்ளை என்பது மன்றத்தின் செயற்கை நுண்ணறிவுக் கருவி. அதற்கு நீளமாக ஒரு பெயர் உண்டு, யாரும் சொல்வதில்லை. தனி அறை, தனிக் குளிர்சாதனம், அது சொன்னால் யாரும் மறுத்துப் பேசக் கூடாது, என்ன வேலை செய்கிறது என்றும் கேட்கக் கூடாது. வேறென்ன பெயர் பொருந்தும்? அறை வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் கருவிப் பொறுப்பாளருக்கு மாமனார் என்ற பட்டம் தானாக வந்து ஒட்டிக்கொண்டது. ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தது அவருக்கு. எப்போதும் வாயில் ஒரு மிட்டாய்.

திங்களன்று அவள் போனபோது உள்ளே இரும்புப் பெட்டி லொட லொடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

"என்ன சார் சத்தம்?"

"யோசிக்குது" என்றார் மாமனார். "ஒரு மாசமா ரொம்ப ஆழமா யோசிக்குது. தலைவர் வந்தவங்களையெல்லாம் கூட்டிட்டு வந்து இந்தச் சத்தத்தைக் கேக்க வெக்கிறாரு."

பென்சில் எழுதி வைத்திருந்த முதல் கேள்வியைத் தட்டினாள். பதினான்காம் கணிப்பு நடக்குமா?

நிச்சயமாக நடக்கும் என்றது மாப்பிள்ளை. ஐந்து காரணங்களும் கொடுத்தது.

நடக்காது என்று நினைக்கிறேன், என்று தட்டினாள்.

மிகச் சரியாகச் சொன்னீர்கள், நடக்க வாய்ப்பே இல்லை என்றது. அதற்கும் ஐந்து காரணங்கள்.

அவள் மாமனாரைத் திரும்பிப் பார்த்தாள்.

"யாரு கேட்டாலும் அவங்க பக்கம்தான் பேசும். தங்கமான பையன்" என்றார் அவர். "தலைவர் கேட்டா தலைவர் மாதிரி, நீ கேட்டா உன்னை மாதிரி."

"அப்ப புத்தகத்துல எதைப் போடுவீங்க?"

"கடைசியா கேட்டவர் யாரோ அவருது. கடைசியா கேக்குறது எப்பவும் தலைவர்தான்."

அவள் இரண்டாவது கேள்வியைத் தட்டினாள். இந்தக் கணிப்புக்கு ஆதாரம் எது? மாப்பிள்ளை இருநூற்றுப் பன்னிரண்டு கட்டுரைகளின் பட்டியலைக் கொட்டியது. அவளுக்கு நம்பிக்கை இல்லை. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். திங்களும் செவ்வாயும் போயின. இருநூற்றுப் பன்னிரண்டும் சுற்றி வளைத்து ஒரே இடத்துக்கு வந்து நின்றன: 'மன்றம் கணித்துள்ளபடி.' மன்றம் சொன்னதைப் பத்திரிகைகள் எழுதின. பத்திரிகைகள் எழுதியதை மாப்பிள்ளை படித்தது. மாப்பிள்ளை சொன்னதை மன்றம் அறிவித்தது. அவளுக்குத் தலை சுற்றியது. அப்படியானால் முதல் தடவை?

முதல் புத்தகம் வந்தபோது மாப்பிள்ளையே கிடையாது. அப்போது மன்றத்தை நிறுவிய தலைவர் கையால் எழுதித் தருவார். தட்டச்சர் அதை எண் போட்டு அடிப்பார். தட்டச்சரும் நிறுவனரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கோப்பு மட்டும் பழைய பீரோவில் இருந்தது. புதன்கிழமை மதியம் அவள் அதைக் கண்டுபிடித்தாள். பதின்மூன்றாம் கணிப்பு வரை நிறுவனரின் கையெழுத்து சீராக இருந்தது. அதற்குக் கீழே ஒரு துண்டுச் சீட்டு குண்டூசியால் குத்தப்பட்டிருந்தது. அதே கையெழுத்து, ஆனால் கோபத்தில் சாய்ந்து ஓடியது.

'போனில் நாற்பது நிமிடம் காக்க வைத்துவிட்டார்கள். அடுத்த வருஷக் கடைசிக்குள் இவர்கள் ஒருவர்கூடப் போனில் பேசக் கூடாது. நாசமாகப் போகட்டும். பால் வாங்க வேண்டும்.'

தட்டச்சர் கடமை தவறாதவர். கையில் வந்ததை எல்லாம் எண் போட்டு, நாகரிகமான நடையில் அடித்துவிட்டார். பதினான்கு, பதினைந்து. நாசமாகப் போகட்டும் என்பதற்கு மட்டும் எண் போடவில்லை. அதை ஒரு வேண்டுகோளாக எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது.

பென்சில் அந்தச் சீட்டை மூன்று முறை படித்தாள். தனக்கு வேண்டியதைத்தான் பார்க்கிறோமோ என்ற சந்தேகத்தில் மாமனாரை அழைத்து வந்து அவரையும் படிக்கச் சொன்னாள்.

"கணிப்பு இல்லம்மா இது" என்றார் மாமனார், மிட்டாயை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றியபடி. "சாபம்."

இருவரும் துணை இயக்குநரிடம் போனார்கள். அவர் சீட்டைப் படித்தார். முகம் மலர்ந்தது.

"மூலப் பிரதி! நிறுவனரோட கைப்பட!"

"சார், அவரு கோபத்துல..."

"கோபம் இல்லம்மா. வேகம். தீர்க்கதரிசிங்க எல்லாரும் வேகமாத்தான் எழுதுவாங்க. இதுக்குச் சட்டம் போட்டு மேடையில வெக்கணும். கீழ இந்தப் பால் விஷயத்தை மட்டும் உள்ள மடிச்சுடலாம்."

"பதினாலை எடுத்துட மாட்டீங்களா சார்? எட்டு பேருக்கு வேலை போயிடும்."

"அதைத்தானேம்மா நானும் சொல்றேன்!" அவர் குரலைத் தணித்தார். "பெரிய கணிப்புன்னு எடுத்துக்கிட்டா பத்து வருஷத்துல ஒண்ணுகூட... இன்னும் வந்து சேரல. இது வரப்போகுது. அந்த மெஷின் முதலாளி நாளைக்கு மேடைக்கு வர்றாரு. நீங்க ஆளை எடுத்துட்டா நாங்க நடந்ததுன்னு எழுதுறோம்னு சொன்னேன். நீங்க எழுதிட்டா நாங்க எடுத்துடுறோம்னு அவரு சொல்றாரு. யாரு முதல்லங்குறதுல ஒரு வாரமா இழுபறி. கடைசியில மேடையில ஒரே நேரத்துல பண்ணிடலாம்னு முடிவாயிடுச்சு. பதிவேடு உன் பொறுப்பு. அதனால நீதான் எழுதப் போற. தங்கப் பேனா குடுப்போம்." அவர் எழுந்து அவள் தோளருகே வந்தார். "சோதனைக் காலமும் அதோட முடிஞ்சுடும். நல்லா எழுது."

அன்று மாலை வகுப்பில் அவள் ஒரு வார்த்தை எழுதவில்லை. வீட்டுக்கு வந்து அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அக்கா சீட்டின் கதையைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது.

"என் வேலைக்கு எதிரே நீ 'நடந்தது'ன்னு எழுதணும். எழுதினா உன் வேலை நிலைச்சுடும்."

"ஆமாக்கா."

"என் மூஞ்சிய நினைச்சுக்கிட்டு எதையும் எழுதாத. என்ன உண்மையோ அதை எழுது. வேற எதை எழுதினாலும் நீ ஆயுசு முழுக்க ராத்தூக்கம் இல்லாம அதைச் சரிபார்த்துக்கிட்டே கிடப்ப."

வியாழக்கிழமை மண்டபம் நிரம்பி வழிந்தது. மேடையின் ஒரு பக்கம் நிறுவனரின் சீட்டு, தங்கச் சட்டத்துக்குள், பால் மடிக்கப்பட்டு. மறுபக்கம் மாலை போட்ட மாப்பிள்ளை, லொட லொடவென்று யோசித்தபடி. பக்கத்தில் மாமனார் முக்காலியில். பின்னால் பெரிய திரையில், பத்தாவது புத்தகத்துக்காகப் பதிவேட்டில் சேர்த்த புதிய பக்கம்.

தலைவர் பேசினார். "பல பேரு கேக்குறாங்க, இந்தக் கருவிகளை எப்படிப் புரிஞ்சுக்கிறதுன்னு. நான் சொல்றேன், புரிஞ்சுக்கவே முயற்சி பண்ணாதீங்க. நாங்க பத்து வருஷமா முயற்சி பண்ணல. எவ்வளவு வளர்ந்திருக்கோம் பாருங்க!"

கைதட்டல். மெஷின் முதலாளி ஒரு கையில் எட்டு பேரின் விடுவிப்பு ஆணையையும் மறு கையில் பேனாவையும் பிடித்துக்கொண்டு நின்றார். துணை இயக்குநர் பென்சிலிடம் தங்கப் பேனாவை நீட்டினார். அவள் பதினான்காம் வரிசையில் குனிந்தாள். இதில் அக்காவுக்காக எவ்வளவு, உண்மைக்காக எவ்வளவு என்று அவளால் பிரிக்க முடியவில்லை. பிரிக்க முடியாதபோது என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் வகுப்பில் சொல்லித் தந்திருந்தார்கள்.

"சார், பதிவு பண்றதுக்கு முன்னாடி ஒரு தடவை சரிபார்க்கணும்" என்றாள். ஒலிபெருக்கி அதை மண்டபத்தின் கடைசி வரிசை வரை கொண்டுபோய்விட்டது. "அந்தப் புகார் நம்பருக்குப் போன் போட்டுப் பாத்துடலாமா?"

துணை இயக்குநர் முறைத்தார். ஆனால் மெஷின் முதலாளிக்கு உற்சாகம். "தாராளமா போடுங்க! காலையிலேருந்து எங்க கருவிதான் முதல்ல எடுக்குது. ஆளுங்க சும்மா துணைக்கு உக்காந்திருக்காங்க, அவ்வளவுதான்."

மேடைத் தொலைபேசியை ஒலிபெருக்கியில் இணைத்தார்கள். இரண்டாவது மணியிலேயே எடுக்கப்பட்டது.

"வணக்கம், சொல்லுங்க. மெஷின் என்ன பண்ணுது?"

தலைவர் இரண்டு கைகளையும் உயர்த்தினார். "பாத்தீங்களா! அச்சு அசல் மனுஷக் குரல்! ஆனா மனுஷன் இல்ல! இதுதான் கருவி!"

இடி முழங்கியதுபோல் கைதட்டல். பென்சிலுக்கு அது அக்காவின் குரலாகத்தான் பட்டது. ஆனால் ஆறு வாரம் ஒட்டுக் கேட்ட கருவிக்கும் அந்தக் குரல் வந்திருக்காதா? அக்காவையே அவளுக்குச் சந்தேகமாகிவிட்டது.

"ஹலோ? அங்க ஒரே கூட்டமா இருக்கு போல" என்றது குரல். "அது கிடக்கட்டும். பக்கத்துல லொட லொடன்னு ஒண்ணு ஆடுதே, அது என்ன?"

"அது யோசிக்கிற சத்தம்" என்றார் தலைவர் பெருமையாக, தொலைபேசியை நோக்கி.

"யோசிக்கவும் இல்ல, ஒண்ணும் இல்லங்க. அது விசிறி. இறக்கையில ஏதோ காகிதம் மாட்டியிருக்கு. அணைச்சுட்டு எடுத்துப் போடுங்க. இல்லன்னா சூடாகிப் போயிடும்."

மாமனார் எழுந்தார். பெட்டியை அணைத்தார், பின்பக்க மூடியைத் திறந்தார், கையை விட்டார். வெளியே எடுத்தபோது விரல்களுக்கு நடுவே ஒரு மிட்டாய்த் தாள் இருந்தது. அவர் அதைச் சட்டென்று சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். பெட்டியை மறுபடி போட்டார். ஒரு சத்தமும் இல்லை. ஒரு மாதமாக நடந்த ஆழ்ந்த சிந்தனை முடிவுக்கு வந்தது.

தலைவர் ஒரு கணம்தான் திகைத்தார். "ஒரு கருவியோட நோயை இன்னொரு கருவி கண்டுபிடிக்குது! இதையும் பதினோராவது புத்தகத்துல சேர்த்துக்கலாம்!"

மறுபடி கைதட்டல். அதையும் மீறி அந்தக் குரல் கேட்டது. "ஏங்க, இது மன்றத்து நம்பராச்சே. அங்க பென்சில்னு ஒரு பொண்ணு இருப்பா, கொஞ்சம் சொல்லுங்க. சாப்பாட்டு டப்பாவை செருப்பு வெக்கிற இடத்துல மறந்து வெச்சுட்டுப் போயிருக்கா. நேத்துலேருந்து ஒழுங்கா சாப்பிடவும் இல்ல. டென்ஷன்னா இப்படித்தான், சின்ன வயசுலேருந்தே. வெளிய வாங்கியாவது சாப்பிடச் சொல்லுங்க. வேற ஏதாவது புகார் இருக்குங்களா?"

கைதட்டிய கைகள் அந்தரத்தில் நின்றன. எங்கோ நடுவரிசையில் ஒருவர் சிரித்தார். பிறகு மண்டபமே சிரித்தது. மெஷின் முதலாளி நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"டப்பா பத்தியெல்லாம் நாங்க அதுக்குச் சொல்லித் தரலையே" என்றார்.

"அப்ப எடுத்தது?" என்றார் தலைவர்.

"அந்த... மூத்த பொண்ணு போல இருக்கு. கருவி திணறினதும் அவளே எடுக்க ஆரம்பிச்சுட்டா போல."

பென்சில் தங்கப் பேனாவால் எழுதிப் பார்த்தாள். எழுதவில்லை. அது படம் எடுப்பதற்கு மட்டும் வாங்கியது. உள்ளே மை கிடையாது. மாமனார் தன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினார், மிட்டாய்த் தாள் ஒட்டியிருந்ததைத் தட்டிவிட்டு. பதினான்காம் வரிசைக்கு எதிரே, ஆறாவது பத்தியில், வாழ்நாளில் முதன்முறையாக நேராக மையில் எழுதினாள்: நடக்கவில்லை. எனக்குத் தெரிந்த வரை என்று சேர்க்கவில்லை. திரையில் அது ஒரு ஆள் உயரத்துக்குத் தெரிந்தது. சாட்சியாக மாமனார் கீழே கையெழுத்துப் போட்டார்.

துணை இயக்குநர் ஓடி வந்து அதன் மேல் நீல முத்திரையைக் குத்தினார். உலகம் தாமதம். மெஷின் முதலாளி ஆணையை நான்காக மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்தார். "நீங்க முதல்ல நடந்ததுன்னு எழுதுங்க. அப்புறம் பாத்துக்கலாம்."

மாலையில் அவசரக் குழு கூடி மூன்று தீர்மானங்கள் போட்டது. ஒன்று, பதினான்காம் கணிப்பு கண்டிப்பாக நடக்கும். இரண்டு, அது நடந்ததா என்று பதிவு எழுத்தர் தினமும் காலை ஒன்பதரை மணிக்குப் போன் போட்டுச் சரிபார்த்து எழுத வேண்டும். மூன்று, அது நடக்கும் நாள் வரை அவருடைய சோதனைக் காலம் நீட்டிக்கப்படுகிறது.

அவள் தீர்மானத்தை வாங்கி இரண்டு முறை படித்தாள். அக்காவின் வேலை இருக்கும் வரை தன் வேலை அரை வேலை. அக்காவின் வேலை போகும் அன்று தன் வேலை முழு வேலை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு மாலை வகுப்புக்குப் போனாள்.

மார்ச் 13, வியாழன். இன்றைய தவறு: சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டேன். நாளைய வேலை: காலை ஒன்பதரைக்குப் போன் செய்ய வேண்டும். எடுப்பது அக்காதானா என்று உறுதி செய்ய வேண்டும். டப்பாவைப் பற்றிச் சொன்னதைக் கருவியும் கேட்டிருக்கும். எனவே இன்று வீட்டில் வேறு ஒன்றை அடையாளமாகப் பேசி வைத்துக்கொள்ள வேண்டும். பதிலை மையில் எழுத வேண்டும்.